மைக்ரோடிக் சிஆர்எஸ்317: ஓஎஸ்பிஎஃப் வேண்டுமென்றால் நம்பி வாங்கலாம், விஆர்எஃப் வேண்டுமென்றால் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

விலையைப் பார்த்து, அம்சங்களின் பட்டியலில் விஆர்எஃப், ஓஎஸ்பிஎஃப், பிஜிபி எல்லாம் இருப்பதையும் பார்த்துவிட்டு உடனே ஆர்டர் போடுகிற கேபிள் ஆபரேட்டர்கள் நம் குமரி மாவட்டத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த விமர்சனம். ஓஎஸ்பிஎஃப் என்றால் ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசி, ஒரு வழி அறுந்தால் மாற்று வழியைக் கண்டுபிடிக்கிற முறை. விஆர்எஃப் என்றால் ஒரே பெட்டிக்குள் தனித்தனி வழிப் பட்டியல்கள். பிஜிபி என்றால் வெவ்வேறு நிறுவனங்களின் நெட்வொர்க்குகள் வழிகளைப் பரிமாறிக்கொள்கிற முறை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மைக்ரோடிக்கின் சிஆர்எஸ்317 ஸ்விட்ச் நல்ல பெட்டி, எங்கள் ரிங்கில் ஓடுகிறது, இன்னொன்று வேண்டுமென்றாலும் வாங்குவேன். ஆனால் அந்தப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருக்கிற ஓஎஸ்பிஎஃப்-உம் விஆர்எஃப்-உம் பெட்டிக்குள் ஒரே இடத்தில் ஓடுவதில்லை. ஓஎஸ்பிஎஃப் காட்டுகிற வழியில் பாக்கெட்டை, அதாவது டேட்டாவின் சின்னத் துண்டுகளை, அதற்கென்றே இருக்கிற வேகமான ஸ்விட்ச் சிப் அனுப்புகிறது, விஆர்எஃப் பாக்கெட்டை மெதுவான சிபியுதான் அனுப்ப வேண்டும். இந்த வித்தியாசம் தெரிந்து பிளான் போட்டால் இந்த விலைக்கு இதைவிட நல்ல சாமான் கிடைக்காது, தெரியாமல் போட்டால் ஒரு வாடிக்கையாளரின் பாக்கெட் இன்னொரு வழியில் போய் நிற்கும்.

எங்கள் நிலைமை இது. கேபிள் டிவியில் ஆரம்பித்து, அப்புறம் வீட்டுக்கு வீடு ஃபைபர் என்று மாறிய பிராட்பேண்ட் நெட்வொர்க். மார்த்தாண்டத்தில் தலைமை இடம், தக்கலையிலும் குலசேகரத்திலும் ஓஎல்டி (வீடுகளுக்குப் போகிற ஃபைபர் வந்து சேருகிற கருவி) வைத்த சின்ன அறைகள், மூன்றையும் சுற்றி ஒரு ஃபைபர் ரிங். ஃபைபர் பெரும்பாலும் கம்பத்தில்தான் போகிறது. ஜூனில் காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் ரப்பர் தோட்டத்து ஓரமாகப் போகிற லைனில் கிளை விழும், மழை விட்டால் ரோட்டு வேலைக்காரர்கள் ஜேசிபியோடு வருவார்கள். ஆகவே ரிங் அறுவது எங்களுக்கு எப்போதாவது நடக்கிற விஷயம் இல்லை. அறுந்தால் அடுத்த பக்கம் வழியாகத் தானாகத் திரும்ப வேண்டும். முன்பு ஸ்டேட்டிக் ரூட், அதாவது கையால் எழுதிவைத்த வழி, வைத்து ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ராத்திரி எந்த நேரத்தில் போன் வந்தாலும் யாராவது லேப்டாப்பைத் திறந்து உட்கார வேண்டியிருந்தது. ஓஎஸ்பிஎஃப் போன்ற டைனமிக் ரூட்டிங் வேண்டும் என்பதற்கு எங்களுக்கு அந்த ஒரு காரணமே போதும்.

விஆர்எஃப் வேண்டியதற்குக் காரணம் வேறு. வீட்டு இணைப்புகள் போக, கிளைகளை இணைத்துத் தரச் சொல்லிக் கேட்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று கிளை வைத்த ஒரு நிதி நிறுவனம், அதே ஊர்களில் லேப் வைத்திருக்கிற ஓர் ஆஸ்பத்திரி. இரண்டு பேருமே உள்ளே முகவரியாக 192.168.1.0 வரிசையைத்தான் வைத்திருக்கிறார்கள். மாற்றச் சொன்னால் மாற்றமாட்டார்கள், மாற்றச் சொல்வதும் நியாயமில்லை, அவர்களுடைய பிரிண்டரும் பயோமெட்ரிக்கும் சர்வரும் பல வருடமாக அந்த எண்களில்தான் ஓடுகின்றன. ஒரே ஸ்விட்சில் ஒரே ரூட்டிங் டேபிள் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) இருந்தால் இந்த இரண்டையும் சேர்த்து வைக்கவே முடியாது. விஆர்எஃப் என்றால் ஒரே பெட்டிக்குள் தனித்தனி ரூட்டிங் டேபிள்கள், ஒவ்வொன்றுக்கும் தனி இன்டர்ஃபேஸ்கள், ஒன்றின் கண்ணுக்கு மற்றொன்று தெரியாது. ஆஸ்பத்திரியின் 192.168.1.10 வேறு, நிதி நிறுவனத்தின் 192.168.1.10 வேறு என்று ஸ்விட்சுக்குப் புரிவது இதனால்தான்.

இனி பெட்டி. பதினாறு எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் (ஃபைபர் மாட்யூல் சொருகுகிற இடம்), ஒவ்வொன்றும் 10 கிகாபிட். ஒரு கிகாபிட் காப்பர் போர்ட் தனியாக உண்டு. கன்சோலுக்கு ஆர்ஜே45. உள்ளே மார்வெல் 98டிஎக்ஸ்8216 சிப், 800 மெகாஹெர்ட்ஸில் இரண்டு கோர், 1 ஜிபி ராம், 16 எம்பி ஃபிளாஷ். இந்த எண்களில் சிபியு வேகத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அதற்கு வேலை வரும். பின்னால் இரண்டு பவர் நுழைவு இருப்பது எங்களுக்குப் பெரிய விஷயம்: ஒன்றை இன்வெர்ட்டர் லைனிலும் மற்றொன்றை நேரடி இபி லைனிலும் கொடுத்திருக்கிறோம், பேட்டரி மாற்றும்போதுகூட ஸ்விட்ச் அணைவதில்லை. குலசேகரம் பக்கம் இடி மின்னல் சீசனில் பவர் லைன் வழியாக என்ன வரும் என்று சொல்ல முடியாது, அதனால் இபி பக்கத்துக்கு ஒரு சர்ஜ் ப்ரொடெக்டரும் போட்டோம். நீங்களும் போடுங்கள். வருடாந்திர லைசென்ஸ் எதுவும் கிடையாது, வாங்கினால் எல்லா அம்சமும் திறந்துதான் இருக்கும்.

பெட்டிக்குள் ஓடுகிற மைக்ரோடிக்கின் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 7 பற்றி ஒரு வார்த்தை. 7.1 வந்தது 2021 டிசம்பரில். ரூட்டிங் பகுதியை முழுதாகத் திரும்ப எழுதியிருக்கிறார்கள், எனவே 6-இல் ஓஎஸ்பிஎஃப் போட்டுப் பழகியவர்களுக்கு மெனு புதிதாக இருக்கும். முன்பு நெட்வொர்க் என்று ஒரு இடத்தில் சப்நெட்டைச் சேர்த்தால் போதும். இப்போது இன்ஸ்டன்ஸ் (ஓஎஸ்பிஎஃப்-இன் ஒரு தனி ஓட்டம்), ஏரியா (வழிகளைப் பகிர்ந்துகொள்கிற ஸ்விட்சுகளின் குழு), இன்டர்ஃபேஸ் டெம்ப்ளேட் (எந்த இணைப்பில், எப்படி என்பது) என்று மூன்று படி. முதலில் எரிச்சலாகத் தெரியும். விஆர்எஃப் என்று இறங்கும்போது இந்தப் பிரிவு எவ்வளவு சரி என்று புரியும், ஏனென்றால் ஒவ்வொரு விஆர்எஃப்-க்கும் ஒரு தனி இன்ஸ்டன்ஸ், அந்த இன்ஸ்டன்ஸுக்குள்ளேயே எந்த விஆர்எஃப் என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

ஓஎஸ்பிஎஃப்-இல் நாங்கள் செய்தது சின்ன வேலை. மூன்று இடத்துக்கும் ஒரே ஏரியா, 0.0.0.0. ரவுட்டர் ஐடியைக் கையால் கொடுத்தோம், லூப்பேக் (எந்த போர்ட்டையும் சாராத, பெட்டிக்கே உரிய) முகவரியையே கொடுப்பது நல்லது, தானாக எடுத்துக்கொள்ள விட்டால் பிறகு லாக் படிக்கும்போது எது எந்த ஊர் என்று குழம்பும். ரிங்கின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு விலான் (ஒரே கேபிளுக்குள் எண் கொடுத்துப் பிரித்த தனி நெட்வொர்க்), ஒரு /30 (இரண்டு முனைக்கு மட்டுமான முகவரித் தொகுதி). டெம்ப்ளேட்டில் வகையை பாயின்ட் டு பாயின்ட் என்று மாற்றிவிடுங்கள். ஈதர்நெட் என்பதால் அது தானாக பிராட்காஸ்ட் என்று எடுத்துக்கொண்டு, இரண்டே பேர் இருக்கிற லிங்கில் டிஆர் (தலைமை ரவுட்டர்) தேர்தல் நடத்தும், தேவையே இல்லை. ஓஎல்டி பக்கத்து இன்டர்ஃபேஸ்களை பாஸிவ் ஆக்குங்கள், வாடிக்கையாளர் பக்கம் ஹலோ பாக்கெட் (பக்கத்து ஸ்விட்சைத் தேடி ஓஎஸ்பிஎஃப் அனுப்புவது) போகக் கூடாது. நெய்பர், அதாவது பக்கத்து ஸ்விட்சோடு ஆகிற இணைப்பு, முழுமையான ஃபுல் நிலைக்கு வராமல் எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே நின்றால் முதலில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பாருங்கள். தக்கலையில் வேறு பிராண்ட் ஸ்விட்ச் ஒன்று நடுவில் இருந்தது, ஒரு பக்கம் 1500, மறு பக்கம் 9000. இரண்டையும் சமமாக்கியதும் ஃபுல் ஆனது. ஹலோ போகிறது, வருகிறது, பிங்கும் போகிறது, ஆனால் ஃபுல் ஆகவில்லை என்றால் பத்தில் எட்டு தடவை இதுதான் காரணம்.

அடுத்தது எல்3 ஹார்டுவேர் ஆஃப்லோட், அதாவது வழி பார்த்துப் பாக்கெட்டை அனுப்புகிற வேலையைச் சிபியுவிடமிருந்து சிப்புக்கு மாற்றுவது. இந்தப் பெட்டியின் உயிரே இதுதான். ஸ்விட்ச் மெனுவில் ஒரு தடவையும், போர்ட் வாரியாக ஒரு தடவையும் ஆன் செய்ய வேண்டும், எல்லா போர்ட்டும் விலான் ஃபில்டரிங் போட்ட ஒரே பிரிட்ஜில் இருக்க வேண்டும். ஆன் ஆனதும் ரூட் பட்டியலில் ஒவ்வொரு வரியின் முன்னாலும் இருக்கிற எழுத்துகளில் ஹெச் என்று ஒன்று சேரும். அந்த ஹெச் இருக்கிற ரூட்டுக்கான பாக்கெட்டைச் சிப்பே அனுப்பிவிடும், சிபியு தொடாது. மாலை ஏழு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் வீடியோ ஓடுகிற நேரத்தில் ரிங்கில் ட்ராஃபிக் பல கிகாபிட்டில் இருக்கும், சிபியுவைப் பார்த்தால் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும். ஆஃப்லோட் இல்லாமல் இதே ட்ராஃபிக்கை அந்த 800 மெகாஹெர்ட்ஸ் சிபியு சுமக்கவே முடியாது. ஓஎஸ்பிஎஃப் ரூட்டுகளைக் கற்றுக்கொள்வது சிபியு, பாக்கெட்டை அனுப்புவது சிப். அந்த ஏற்பாடு இதில் அழகாக வேலை செய்கிறது.

இதோடு கூடவே வருகிற ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சிப் வழியாகப் போகிற பாக்கெட்டை ஃபயர்வால் பார்க்காது, க்யூவும் (வேகத்தைக் கட்டுப்படுத்துவது) பார்க்காது. பணம் கட்டாத இணைப்பை இங்கே ஃபயர்வால் ரூல் போட்டு நிறுத்தப் பார்த்தால் நிற்காது. அந்த வேலைகளை எல்லாம் வாடிக்கையாளர் லாகின் ஆகிற பெரிய ரவுட்டரிலேயே வையுங்கள்.

ரிங் அறுந்தபோது என்ன ஆகிறது? ஒரு சம்பவம் சொல்கிறேன். மழை நாளில் லைன்மேன் திருவட்டாறு பக்கத்திலிருந்து கூப்பிட்டான், "அண்ணே, கம்பம் சாஞ்சு கெடக்கு, நம்ம கேபிளும் கீழ கெடக்கு" என்று. குலசேகரம் ஓஎல்டியில் இருக்கிற வீடுகளிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. லாக்கில் பார்த்தால் போர்ட் டவுன், நெய்பர் டவுன், அடுத்த வரியிலேயே தக்கலை வழி. லைட் போனதும் போர்ட் கீழே போகிறது, ஓஎஸ்பிஎஃப் உடனே கணக்குப் போட்டுவிடுகிறது, பார்க்கிறவர்களுக்கு ஒரு சின்ன தடுமாற்றம் தெரிந்திருந்தால் அதிகம்.

ஆனால் இது ஃபைபர் நேராக எஸ்எஃப்பியில் வந்து சொருகியிருந்தால் மட்டும்தான். நடுவில் மீடியா கன்வர்ட்டரோ வேறு யாருடைய ஸ்விட்சோ இருந்தால், அறுந்தது அந்தப் பக்கமாக இருந்தாலும் நம் போர்ட் பச்சையாகவே எரியும். அப்போது ஹலோ வரவில்லை என்று தெரிந்துகொள்ள டெட் இன்டர்வல் முடிய வேண்டும், அது சாதாரணமாக 40 வினாடி, ஹலோ 10 வினாடிக்கு ஒன்று. 40 வினாடி என்றால் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். இரண்டு பக்கமும் ஹலோ 1, டெட் 4 என்று குறைக்கலாம், இரண்டு பக்கத்திலும் ஒரே எண் இருந்தே தீர வேண்டும், இல்லையென்றால் நெய்பரே ஆகாது. இல்லையா, பிஎஃப்டி (இணைப்பு போனதைச் சட்டென்று கண்டுபிடிக்கிற முறை) போடலாம். பதிப்பு 7 வந்த புதிதில் பிஎஃப்டி இல்லாமல் இருந்தது, பிறகு சேர்த்துவிட்டார்கள். பழைய 7 வைத்திருந்தால் அப்டேட் செய்துவிட்டுத் தேடுங்கள்.

சரி, விஆர்எஃப்-க்கு வருவோம். போடுவது சுலபம், இதைவிடச் சுலபமாக நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. விஆர்எஃப்-க்கு ஒரு பெயர், அதில் எந்தெந்த இன்டர்ஃபேஸ் என்று ஒரு வரி. சிஸ்கோவில் இன்டர்ஃபேஸை விஆர்எஃப்-க்குள் தள்ளினால் அதிலிருந்த ஐபி முகவரி அழிந்துபோகும், திரும்ப அடிக்க வேண்டும், தொலைவிலிருந்து செய்கிறவர்களுக்கு அது நெஞ்சு பதறுகிற இடம். இங்கே முகவரி அப்படியே இருக்கும், அதன் ரூட் மட்டும் வேறு டேபிளுக்குப் போகும். பிங் அடிக்கும்போது எந்த விஆர்எஃப் என்று சொன்னால் அந்த டேபிளில் தேடும். ஒரு டேபிளிலிருந்து இன்னொன்றின் கேட்வேக்கு ரூட் போட வேண்டுமென்றால் கேட்வே முகவரிக்குப் பின்னால் அட் குறி போட்டு விஆர்எஃப் பெயரை எழுதினால் போதும். ஓஎஸ்பிஎஃப் இன்ஸ்டன்ஸும் இப்படியேதான். மார்த்தாண்டத்தில் உட்கார்ந்து நிதி நிறுவனத்துக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று என்று இரண்டு இன்ஸ்டன்ஸ் எழுதி முடிக்க டீ குடிக்கிற நேரம் போதும்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். எல்3 ஹார்டுவேர் ஆஃப்லோட் மெயின் ரூட்டிங் டேபிளுக்கு மட்டும்தான். விஆர்எஃப் டேபிள்கள் சிப்புக்குள் ஏறுவதில்லை. வேகம் குறையும், அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். ஆஃப்லோட் ஆன் ஆகியிருக்கிற போர்ட்டில் விஆர்எஃப்-ஐச் சேர்ந்த ஒரு பாக்கெட் வந்தால், சிப்புக்கு விஆர்எஃப் என்று ஒன்று இருப்பதே தெரியாது, தன்னிடம் இருக்கிற மெயின் டேபிளைப் பார்த்து அதன்படி அனுப்பிவிடக்கூடும். மைக்ரோடிக் இதை மறைக்கவில்லை, தங்கள் ஆவணத்திலேயே, விஆர்எஃப்-ஐயும் ஆஃப்லோடையும் சேர்த்தால் பாக்கெட் தவறாக மெயின் டேபிள் வழியாகப் போகலாம் என்று தெளிவாக எழுதி, தீர்வும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் விற்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை, வாங்குகிறவர்கள் அந்தப் பக்கம் வரை படிப்பதும் இல்லை.

லைனில் போடுவதற்கு முன் மேஜையில் வைத்து இதைச் சோதித்தோம். இரண்டு லேப்டாப், ஒரு விஆர்எஃப், மெயின் டேபிளில் ஒரு டீஃபால்ட் ரூட் (வேறு வழி தெரியாதவற்றுக்கெல்லாம் ஒரே வழி). விஆர்எஃப் டேபிளில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஸ்விட்சுக்குள்ளிருந்து பிங் போட்டால் இரண்டு லேப்டாப்பும் பதில் சொல்கின்றன. ஆனால் ஒரு லேப்டாப்பிலிருந்து மற்றொன்றுக்குப் பிங் போட்டால் பதில் இல்லை, ட்ரேஸ் போட்டால் மெயின் டேபிளின் கேட்வே பக்கம் போகிறது. ஸ்விட்சுக்குள்ளிருந்து போடுகிற பிங் சிபியுவிலிருந்து கிளம்புகிறது, அது விஆர்எஃப்-ஐ மதிக்கும். வெளியிலிருந்து வருகிற பாக்கெட் சிப்பில் நுழைகிறது, அது மதிக்காது. ஆகவே ஸ்விட்சிலிருந்தே பிங் போட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று கிளம்பிவிடாதீர்கள், வாடிக்கையாளரின் இடத்திலிருந்து மறு கிளைக்குப் போட்டுப் பாருங்கள். தனியார் நெட்வொர்க் என்று சொல்லி விற்றுவிட்டு அவர்களுடைய பாக்கெட் பொது டேபிளில் நடமாடுவது வெறும் தொழில்நுட்பக் கோளாறு அல்ல, கொடுத்த வாக்கு தவறுவது.

தீர்வு இரண்டு வழி. விஆர்எஃப் வாடிக்கையாளர் நேராக வந்து சேருகிற போர்ட்டில் ஆஃப்லோடை அணைத்துவிடலாம். கடைசி நாலு போர்ட்டை நாங்கள் இதற்கென்றே ஒதுக்கிவிட்டோம், அந்த போர்ட்டில் வருவதெல்லாம் சிபியுவுக்குப் போகும், சிபியு சரியான டேபிளைப் பார்க்கும். ஆனால் இதோடு வேலை முடியவில்லை என்பதுதான் பலரும் கவனிக்காத இடம். தக்கலைக் கிளையின் பாக்கெட் மார்த்தாண்டத்துக்கு வருவது ரிங் வழியாக. ரிங் போர்ட்டில் ஆஃப்லோடை அணைக்க முடியாது, வீட்டு இணைப்புகள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன, அணைத்தால் சாயங்காலமே நெட்வொர்க் படுத்துவிடும். அங்கே ஸ்விட்ச் ரூல் எழுத வேண்டும்: இந்த ரிங் போர்ட்டில், இந்த விலான் எண்ணோடு வருகிற பாக்கெட்டைச் சிபியுவுக்குத் திருப்பு என்று. ஒவ்வொரு விஆர்எஃப்-க்கும் ரிங்கின் ஒவ்வொரு துண்டிலும் தனி விலான் கொடுத்திருந்தால்தான் இப்படிப் பிரித்து எழுத முடியும். நாங்கள் விலான் எண்களை 500-களில் விஆர்எஃப்-க்கென்றே ஒதுக்கி, ரூலில் அதையே எழுதினோம். மூன்று இடத்திலும் எழுத வேண்டும். ஒரு இடத்தில் விட்டுப்போனால் ரிங் ஒரு பக்கமாகச் சுற்றும்போது வேலை செய்யும், அறுந்து மறு பக்கம் திரும்பும்போது நின்றுபோகும், அதைக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். அதனால் சோதிக்கும்போது இரண்டு திசையிலும் ஃபைபரைக் கழற்றிப் பாருங்கள்.

இப்படிச் சிபியுவுக்கு அனுப்புவதால் எவ்வளவு தாங்கும்? கிளைகளுக்கு நாங்கள் தருவது நூறு, இருநூறு எம்பிபிஎஸ் அளவு, அதற்கு மூச்சுத் திணறவில்லை. பில்லிங், லேப் ரிப்போர்ட், சிசிடிவியில் இரண்டு மூன்று கேமரா என்கிற அளவில் இது போதும். ஆனால் ஸ்கேன் படங்களை ராத்திரி முழுக்க சர்வருக்கு அனுப்புகிற ஆஸ்பத்திரி, கிகாபிட் கேட்கிற கல்லூரி என்று யாராவது வந்தால் விஆர்எஃப் வேலையை இந்த ஸ்விட்சிடம் கொடுக்காதீர்கள். அவர்களுடைய விலானை லேயர் 2-ஆகவே (ரூட்டிங் இல்லாமல், வெறும் ஸ்விட்சிங்காக) கொண்டுபோய், மார்த்தாண்டம் மாதிரி ஒரே இடத்தில் மைக்ரோடிக்கின் சிசிஆர் வகை ரவுட்டர் ஒன்றில் இறக்கி அங்கே விஆர்எஃப் போடுங்கள். ரிங்கில் லேயர் 2 போகும்போது லூப் (பாக்கெட் சுற்றிக்கொண்டே இருப்பது) வராமல் தடுக்கிற ஸ்பானிங் ட்ரீ சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

6-இலிருந்து 7-க்கு வருகிறவர்களை உலுக்குகிற இன்னொரு இடம் ரூட்டிங் ஃபில்டர், அதாவது எந்த ரூட்டை ஏற்பது என்று சொல்கிற விதிகள். முன்பு ஃபில்டர் செயினில் எதற்கும் பொருந்தாத ரூட் உள்ளே வந்துவிடும். இப்போது தலைகீழ்: செயின் ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதில் அக்செப்ட் என்று சொல்லப்படாத எல்லாமே ரிஜெக்ட். எழுதும் முறையும் இஃப், எல்ஸ் என்று சின்ன ஸ்கிரிப்ட் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு இது பிடித்திருக்கிறது. தெரியாத ரூட் உள்ளே வராமல் இருப்பதுதான் பாதுகாப்பு. ஆனால் நெய்பர் ஃபுல் என்று காட்டும், ரூட் மட்டும் வராது, காரணம் தெரியாமல் மண்டை காயும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் ஒரு நுணுக்கம். அவர்களுடைய வெளியூர்க் கிளை ஒன்று பெரிய டெலிகாம் கம்பெனியின் எம்பிஎல்எஸ் விபிஎன் என்ற தனியார் இணைப்பு வழியாக வருகிறது. அந்தப் பக்கத்திலிருந்து ஓஎஸ்பிஎஃப்-இல் வருகிற ரூட்டுகளில் டிஎன் பிட் என்று ஒரு அடையாளம் இருக்கும், சுற்றிச் சுற்றி லூப் ஆகக் கூடாது என்பதற்காக 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4576 என்ற இணைய விதி ஆவணத்தில் வகுத்தது. விஆர்எஃப்-க்குள் இருக்கிற ஓஎஸ்பிஎஃப் அந்த அடையாளத்தைப் பார்த்தால் ரூட்டைக் கணக்கில் எடுக்காது. டேட்டாபேஸில் எல்எஸ்ஏ (ஓஎஸ்பிஎஃப் பகிர்கிற வழித் தகவல்) தெரியும், ரூட்டிங் டேபிளில் மட்டும் காணாது. ரவுட்டர்ஓஎஸ்-இல் இன்ஸ்டன்ஸிலேயே இந்த டிஎன் பிட்டை மதிக்கவா வேண்டாமா என்று ஒரு செட்டிங் இருக்கிறது, சிஸ்கோவில் அதே வேலைக்கு கேபபிலிட்டி விஆர்எஃப் லைட் என்ற கட்டளை. இந்த விலைப் பெட்டியில் இவ்வளவு நுணுக்கமான விஷயத்தைக்கூட விடாமல் வைத்திருக்கிறார்களே என்று நிஜமாகவே மதிப்பு வந்தது.

பிஜிபி பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இந்தப் பெட்டியில் அதற்குப் பெரிய வேலை கொடுக்கக் கூடாது. உலக ஐபிவி4 டேபிள் 9 லட்சம் ரூட்டைத் தாண்டிவிட்டது, அது இந்தச் சிப்பில் ஏறாது. மேலே இருக்கிற புரவைடரிடம் டீஃபால்ட் ரூட் மட்டும் வாங்குங்கள். கொஞ்சம் அதிகமாக வேண்டுமென்றால் எந்த ரூட் சிப்பில் ஏறக் கூடாது என்று ஃபில்டரிலேயே சொல்ல வழி இருக்கிறது. சொந்த ஏஎஸ் எண் (பிஜிபியில் ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) வைத்து இரண்டு புரவைடரிடம் முழு டேபிள் வாங்குகிறவர்களுக்கு வேண்டியது ரவுட்டர், இந்த ஸ்விட்ச் இல்லை.

மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கையும் தனி விஆர்எஃப் ஆக்கினோம், ஓஎல்டி, யுபிஎஸ், ஸ்விட்ச் எல்லாம் அதில். செய்யும்போது, தொலைவிலிருந்து பெட்டிக்குள் நுழைய உதவுகிற விண்பாக்ஸும் எஸ்எஸ்ஹெச்சும் எந்த விஆர்எஃப்-இல் கேட்க வேண்டும் என்பதையும் சர்வீஸ் மெனுவில் மாற்ற வேண்டும். அதை மாற்றாமல் இன்டர்ஃபேஸை மட்டும் நகர்த்தினால் குலசேகரத்துக்கு பைக் எடுக்க வேண்டியதுதான். இந்த மாதிரி வேலைக்கு முன்னால் சேஃப் மோடைப் போட்டுக்கொள்ளுங்கள், டெர்மினலில் கன்ட்ரோல் எக்ஸ். இணைப்பு அறுந்தால் அதுவரை செய்த மாற்றங்களைப் பெட்டி தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். மலையோரத்தில் யாரும் இல்லாத அறையில் ஸ்விட்ச் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த ஒரு வசதிக்கே இந்தப் பெட்டியை சிபாரிசு செய்வேன். அருபா சிஎக்ஸ் ஸ்விட்சுகளிலும் செக்பாயின்ட் ஆட்டோ என்று இதே மாதிரி உண்டு, எத்தனை நிமிடம் என்று கொடுத்துவிட்டு, அதற்குள் உறுதி செய்யவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்பும், அதுவும் அருமையானது.

மற்றவற்றோடு ஒப்பிடச் சொன்னால், விஆர்எஃப் சிப்பிலேயே ஓட வேண்டும் என்றால் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300 மாதிரியோ அருபா சிஎக்ஸ் 6300 மாதிரியோ போக வேண்டும். கேட்டலிஸ்டில் விஆர்எஃப்-க்கு நெட்வொர்க் அட்வான்டேஜ் லைசென்ஸ் வேண்டும், எசென்ஷியல்ஸில் கிடைக்காது, கொட்டேஷன் வாங்கும்போது அந்த ஒரு வரியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு மூன்று இடத்துக்கும் அதை வாங்குவது என்றால் வருகிற மாத வசூல் கணக்கையே மாற்றி எழுத வேண்டும். கல்லூரி, பெரிய ஆஸ்பத்திரி என்றால் அது நியாயமான செலவு.

வாங்குவது பற்றி. நாகர்கோவிலில் இதைக் கையிருப்பில் வைத்திருக்கிற கடை அரிது, பெரும்பாலும் சென்னையிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ வரவழைப்பார்கள். ரிங்கில் போட்டால் ஒன்று கூடுதலாக வாங்கி அலமாரியில் வையுங்கள், கான்ஃபிக்கை எக்ஸ்போர்ட் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். எஸ்எஃப்பி மாட்யூல் எந்த பிராண்டாக இருந்தாலும் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும், லாக் போட்டு மறுப்பதில்லை, அதில் கணிசமான பணம் மிச்சம். ஆனால் ஆப்டிகல் பவர் அளவு காட்டாத மாட்யூலை வாங்காதீர்கள், மழைக்காலத்தில் ஸ்ப்ளைஸில் (ஃபைபரை ஒட்டிய இடத்தில்) தண்ணீர் இறங்கினால் அந்த எண் குறைவதைப் பார்த்துத்தான் அறுவதற்கு முன்னாலேயே ஆளை அனுப்ப முடியும்.

நம் ஊர்ப் பையன்கள் நிறையப் பேர் நாகர்கோவிலில் சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க் சான்றிதழுக்குப் படித்துவிட்டு வருகிறார்கள். ஓஎஸ்பிஎஃப் நன்றாகத் தெரியும், ஆனால் சிப் எது, சிபியு எது, பாக்கெட் எதில் போகிறது என்ற கேள்வியை யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். வேலைக்கு எடுத்ததும் முதலில் அந்த ஹெச் எழுத்தைக் காட்டி, ஏன் சில ரூட்டில் இருக்கிறது, சிலதில் இல்லை என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பையனிடம் ரிங்கை நம்பி ஒப்படைக்கலாம்.

வாங்கும் முன் பழக வேண்டும் என்றால் மைக்ரோடிக்கின் சிஹெச்ஆர் என்ற மெய்நிகர் ரவுட்டரை லேப்டாப்பில் போட்டுக்கொள்ளலாம், இலவச லைசென்ஸில் ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் 1 எம்பிபிஎஸ் வரை ஓடும், மெனுவும் கட்டளைகளும் அதேதான். விஆர்எஃப், ஓஎஸ்பிஎஃப் இன்ஸ்டன்ஸ், ஃபில்டர் எல்லாம் அதில் எழுதிப் பார்க்கலாம். ஆனால் அதில் ஸ்விட்ச் சிப் கிடையாது, எல்லாமே சிபியுதான். அங்கே விஆர்எஃப் சரியாக ஓடினால் சிஆர்எஸ்317-இலும் ஓடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்டி கைக்கு வந்ததும் ஆஃப்லோடை ஆன் செய்து, இரண்டு லேப்டாப்பை வெளியே வைத்து, அந்த ஸ்விட்ச் ரூலோடும் ரூல் இல்லாமலும் ஒரு தடவை பிங் போட்டுப் பார்த்துவிட்டு ரேக்கில் ஏற்றுங்கள்.